உங்களுக்குத் தெரியுமா? ஊர் சுற்றியவர்களால் பிழைத்த ஊர்கள்

சுற்றுலா என்றதும் ஏரிக்கரை பிளாஸ்டிக்கும் மலைப்பாதை நெரிசலும்தான் முதலில் கண்முன் வருகின்றன. அந்தப் பழியில் பொய் ஒன்றும் இல்லை. ஆனாலும் வெளியூர்க்காரர்கள் வந்து போனதாலேயே வேட்டை நின்ற ஊர்கள் உண்டு, காடு தப்பிய ஊர்கள் உண்டு. கொடுத்த காசு கடைசியில் யார் கைக்குப் போனது என்பதைக் கவனித்துக்கொண்டே படியுங்கள். நல்ல கதைக்கும் கெட்ட கதைக்கும் வித்தியாசம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

★ கம்பத்திலிருந்து மலையேறினால் குமுளி, அதை ஒட்டித் தேக்கடி. அங்கே சுற்றுலாப் பயணிகளைக் காட்டுக்குள் கூட்டிப்போன வழிகாட்டிகளில் ஒரு குழுவினர், அதற்கு முன்பு வனத்துறை தேடிக்கொண்டிருந்த ஆட்கள்! பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் திருட்டுத்தனமாகப் புகுந்து வயணா மரத்தின் பட்டையை உரித்து விற்றவர்கள். வயணா என்பது லவங்கப்பட்டைக்குக் காட்டுச் சொந்தம். பட்டையை உரித்தால் மரம் பட்டுப்போகும்.

1990களின் கடைசியில் உலக வங்கி உதவியோடு நடந்த சூழல் மேம்பாட்டுத் திட்டத்தின்போது, இவர்களைத் துரத்திப் பிடிப்பதை விட்டுவிட்டு உட்காரவைத்துப் பேசியது வனத்துறை. காட்டின் கள்ளப்பாதை ஒவ்வொன்றும் தெரிந்தவர்கள் இவர்கள்தானே? அந்த அறிவையே பிழைப்பாக்கினார்கள். பகலில் பயணிகளுக்கு வழிகாட்டல், மற்ற நேரத்தில் காவல். இவர்கள் சங்கத்தின் அதிகாரபூர்வப் பெயரிலேயே 'முன்னாள் வயணாப் பட்டை சேகரிப்போர்' என்று இருக்கிறது. பழைய தொழிலைப் பெயர்ப்பலகையில் எழுதிவைத்த சங்கம் வேறு எங்காவது இருந்தால் சொல்லுங்கள்.

அதே தேக்கடியில் 2002 முதல் 'வசந்த சேனை' என்ற பெண்கள் படையும் உண்டு. காட்டோர ஊர்ப் பெண்கள் முறைவைத்து, சம்பளமே வாங்காமல் காட்டைச் சுற்றிக் காவல் பார்க்கிறார்கள்.

★ ஒடிசாவின் சில்கா ஏரிக்கரையில் இருக்கும் மங்களஜோடியும் இப்படித்தான். வலசை வரும் வாத்துகளைக் கொன்று விற்பதில் பேர்போன ஊர் அது. 2000ஆம் ஆண்டு வாக்கில் வேட்டைக்காரர்களே கூடிப் பறவைப் பாதுகாப்புச் சங்கம் வைத்தார்கள். இன்று அதே ஆட்கள், அதே தோணி, அதே சதுப்பு. தோணியில் துப்பாக்கி இருந்த இடத்தில் பைனாகுலர் இருக்கிறது. எந்த நாணல் மறைவில் எந்தப் பறவை உட்காரும் என்பதைப் புத்தகம் படித்துத் தெரிந்துகொண்டவர்கள் அல்லர் இவர்கள்.

★ நாகாலாந்தின் பாங்டி கிராமத்தை ஒட்டிய டோயாங் நீர்த்தேக்கத்தில் ஆண்டுதோறும் அக்டோபர், நவம்பரில் அமுர் வல்லூறுகள் லட்சக்கணக்கில் வந்து இறங்கும். சைபீரியப் பக்கமிருந்து தென்னாப்பிரிக்கா வரை பறக்கும் வழியில் அவற்றுக்கு அது ஒரு சத்திரம். 2012இல் அங்கே மீன்வலைகளை மரத்துக்கு மரம் கட்டி, ஒரே பருவத்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் பிடித்துக் கொன்றார்கள் என்ற கணக்கு வெளியானதும் உலகமே அதிர்ந்தது. மறு ஆண்டே வேட்டை அடியோடு நின்றது. 2013இல் செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட மூன்று வல்லூறுகளுக்கு நாகா, வோக்கா, பாங்டி என்று மாநிலத்தின், மாவட்டத்தின், கிராமத்தின் பெயர்களையே வைத்தார்கள். தன் ஊர்ப் பெயரைச் சுமந்து பறக்கும் பறவையை எப்படிக் கொல்வது? இப்போது வல்லூறு பார்க்க வருபவர்களுக்கு ஊரார் வீடுகளில் இடம் கொடுக்கிறார்கள். ஆனால் பருவம் ஓரிரு மாதம்தான். மீதி மாதங்களுக்கு வருமானம் என்ன என்பது அந்த ஊரின் தீராத கேள்வி.

★ அதே நாகாலாந்தில் அங்காமி மக்களின் ஊரான கொனோமா, 1998இலேயே தன் காட்டில் வேட்டையைத் தானே தடைசெய்துகொண்டது. பிளித் டிராகோபன் என்ற அபூர்வக் காட்டுக்கோழிக்காக அவர்கள் ஒதுக்கிய சரணாலயத்தை நடத்துவது அரசு அல்ல, ஊர்ச்சபை.

★ உலகிலேயே விலை உயர்ந்த ஒரு மணி நேரங்களில் ஒன்று ருவாண்டாவில் விற்கப்படுகிறது. மலைக் கொரில்லாக் குடும்பம் ஒன்றைப் பார்க்க அனுமதிக் கட்டணம் 1,500 டாலர். நம் காசுக்கு ஒன்றேகால் லட்சத்துக்கும் மேல். ஒரு குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு 8 பேர், ஒரே ஒரு மணி நேரம். அவ்வளவுதான். 2017 வரை 750 டாலராக இருந்ததை அரசு ஒரே வீச்சில் இரட்டிப்பாக்கியது.

இதன் தொடக்கம் சுவாரசியமானது. 1970களின் கடைசியில், கொரில்லாக்கள் வாழ்ந்த எரிமலைக் காட்டில் மேலும் ஒரு பகுதியை அழித்து மாட்டுப் பண்ணை வைக்க ஒரு திட்டம் வந்தது. ஏற்கெனவே காடு சுருங்கிப் போயிருந்தது. பில் வெபர், ஏமி வெடர் என்ற இளம் அமெரிக்க ஆய்வாளர் தம்பதி, மாட்டுப் பண்ணையைவிடக் கொரில்லாவைக் காட்டியே அதிகம் சம்பாதிக்கலாம் என்று வாதாடினார்கள். 1979இல் சுற்றுலா தொடங்கியது. கொரில்லாக்களின் காவல் தெய்வமாக உலகம் கொண்டாடும் டயேன் ஃபாசிக்குச் சுற்றுலா என்றாலே பிடிக்காது. கொரில்லாவுக்கு மனிதனின் சளி தொற்றும், மனிதனிடம் பழகினால் வேட்டைக்காரனிடமும் பழகும் என்பது போன்ற அச்சங்கள். அவை வெறும் பிடிவாதம் அல்ல. தள்ளி நிற்க வேண்டும், நோயாளிகள் வரக்கூடாது என்ற இன்றைய விதிகள் அந்த அச்சத்தின் மிச்சங்கள்தான்.

விளைவு? விருங்கா மலைத்தொடரில் 1981 கணக்கெடுப்பில் இருந்தவை 254 கொரில்லாக்கள். 2016 கணக்கெடுப்பில் 604. பக்கத்து நாடான உகாண்டாவின் பிவிண்டி காட்டையும் சேர்த்தால் உலகத்தில் இன்று 1,063. 2018இல் 'மிக அருகிய இனம்' என்ற பட்டியலிலிருந்து ஒரு படி இறக்கி 'அருகிய இனம்' ஆக்கினார்கள். உள்நாட்டுப் போர், இனப்படுகொலை எல்லாம் நடந்த நிலத்தில் ஒரு மனிதக்குரங்கு இனம் எண்ணிக்கையில் கூடியிருக்கிறது! ருவாண்டாவில் தேசியப் பூங்காக்களின் சுற்றுலா வருமானத்தில் 10 சதவீதம் சுற்றுப்புற ஊர்களுக்கு. அந்தப் பணத்தில் பள்ளிக்கூடம், மருத்துவ நிலையம், குடிநீர்.

★ ஆனால் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். உகாண்டாவின் பிவிண்டி, முகாகிங்கா காடுகள் 1991இல் தேசியப் பூங்காக்கள் ஆனபோது, அங்கே தலைமுறை தலைமுறையாக வேட்டையாடியும் தேன் எடுத்தும் வாழ்ந்த பட்வா மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். நிலம் இல்லாமல் பக்கத்து ஊர்களின் ஓரத்தில் ஒதுங்கினார்கள். இப்போது 'பட்வா பாதை' என்ற பெயரில், தங்கள் முன்னோர் நெருப்பு மூட்டிய விதத்தைச் சுற்றுலாப் பயணிகளுக்கு நடித்துக் காட்டிக் கொஞ்சம் சம்பாதிக்கிறார்கள். கொரில்லா பிழைத்த கதையைப் பெருமையாகச் சொல்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுவது வழக்கம்.

★ செத்த சுறாவின் விலை 108 டாலர். உயிரோடு நீந்தும் சுறாவின் விலை? பசிபிக் தீவு நாடான பலாவில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2011இல் கணக்குப் போட்டார்கள். ஒரு பவளப்பாறைச் சுறா, தன் வாழ்நாள் முழுவதும் முக்குளிப்போரை ஈர்த்து நாட்டுக்குக் கொண்டுவரும் வருமானம் 19 லட்சம் டாலர். ஆய்வு வருவதற்கு முன்பே, 2009இல், பலா தன் கடல் முழுவதையும் சுறாக்களின் சரணாலயமாக அறிவித்துவிட்டது. உலகில் முதன்முதலில் அப்படிச் செய்த நாடு அது.

2017 டிசம்பர் முதல் பலாவுக்குப் போகும் ஒவ்வொருவரின் பாஸ்போர்ட்டிலும் ஓர் உறுதிமொழி முத்திரையாகக் குத்தப்படுகிறது. அதில் கையெழுத்துப் போட்டால்தான் நுழைவு. உறுதிமொழி அரசாங்கத்துக்கு அல்ல. 'இந்தத் தீவின் குழந்தைகளுக்கு'. 2020 முதல் பவளப்பாறைகளைக் கெடுக்கும் ரசாயனங்கள் கலந்த வெயில் தடுப்புக் களிம்புகளுக்கும் அங்கே தடை.

★ மாலத்தீவும் 2010இல் சுறா மீன்பிடிப்பைத் தடைசெய்தது. காரணம் கருணை அல்ல. முக்குளிக்க வருபவர்கள் சுறா பார்க்கத்தான் வருகிறார்கள் என்ற கணக்கு. அங்கே சுற்றுலாவில் நடந்த இன்னொரு மாற்றத்தைப் பலர் கவனிப்பதில்லை. நெடுங்காலம் வெளிநாட்டவர் தங்குவது தனித்தீவு விடுதிகளில்தான். உள்ளூர் மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் இல்லம் நடத்த அனுமதி கிடையாது. 2009 வாக்கில் அந்தக் கட்டு தளர்ந்தது. மாஃபுஷி போன்ற தீவுகளில் சாதாரணக் குடும்பங்களும் நாலு அறை கட்டி வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்க வழி பிறந்தது.

★ நியூசிலாந்தின் கைகோராவில் ரயில்வே ஆட்குறைப்பால் 1980களில் மாவோரி குடும்பங்கள் பல வேலை இழந்தன. வெறுங்கையோடு நின்ற நான்கு குடும்பங்கள் தங்கள் வீடுகளை அடமானம் வைத்து, 1987இல் திமிங்கிலம் காட்டும் தொழிலைத் தொடங்கின. கரைக்கு மிக அருகிலேயே ஆழக் கடல் பள்ளத்தாக்கு இருப்பதால் ஸ்பெர்ம் திமிங்கிலங்கள் அங்கே ஆண்டு முழுவதும் உண்டு. ஒரு காலத்தில் அதே கரையில் ஈட்டி எறிந்து திமிங்கிலங்களைக் கொன்று எண்ணெய் காய்ச்சினார்கள். நியூசிலாந்தில் திமிங்கில வேட்டை 1964 வரை நடந்தது. இன்று அந்த ஊரின் அடையாளமே திமிங்கிலம்தான். படகில் போயும் திமிங்கிலம் கண்ணில் படாவிட்டால் கட்டணத்தில் 80 சதவீதத்தைத் திருப்பித் தருகிறார்கள். நம் ஊர்ப் படகுக்காரர் யாரிடமாவது இதைச் சொல்லிப் பாருங்கள்.

★ பறவை தெரிந்தால் ஒரு கட்டணம், தெரியாவிட்டால் குறைந்த கட்டணம். கம்போடியாவின் வடக்கே த்மாட்போய் என்ற ஊரில் இப்படி ஒரு முறை கொண்டுவந்தார்கள். பார்க்க வருவது பேரரிவாள் மூக்கன் போன்ற, உலகிலேயே சில நூறு மட்டும் மிஞ்சியிருக்கும் பறவைகளை. கூட்டைக் கலைத்தால் ஊருக்கே வருமானம் குறையும். 

★ பிலிப்பைன்ஸில் இரண்டு ஊர்கள், ஒரே மீன், இரண்டு விதமான பிழைப்பு. டொன்சோல் ஏழை மீனவ ஊர். 1998இல் அதன் கடலில் திமிங்கிலச் சுறாக்கள் கூட்டமாக வருவது வெளியுலகுக்குத் தெரிந்தது. அந்த ஆண்டே நாடு முழுவதும் அவற்றைப் பிடிக்கத் தடை வந்தது. மீனவர்கள் பயிற்சி பெற்று வழிகாட்டிகள் ஆனார்கள். தொடக்கூடாது, முக்குளிப்புச் சிலிண்டர் கூடாது, ஒரு மீனுக்கு ஒரு படகு. மீன் வந்தால் பார்க்கலாம். வராவிட்டால் உங்கள் அதிர்ஷ்டம்.

ஓஸ்லோப் என்ற ஊரில் 2011 வாக்கில் வேறு வழி கண்டார்கள். தினமும் காலையில் இறாலைக் கையால் ஊட்டி மீனைப் பிடித்துவைத்தார்கள். பார்ப்பது நிச்சயம், கூட்டமும் ஏராளம். வலசை போக வேண்டிய மீன்கள் ஊட்டும் கைக்குக் காத்துக் கிடக்கின்றன. படகில் உரசிக் காயப்படுகின்றன. இரண்டுக்கும் 'சூழல் சுற்றுலா' என்றுதான் விளம்பரம். நான் போவதானால் டொன்சோலுக்குத்தான்.

★ இலங்கையின் தென்கரையில் ரெக்காவ கடற்கரை. ஆமை முட்டை திருடி விற்றவர்களையே 1996இல் கூலிக்கு அமர்த்தி, கூடுகளுக்குக் காவல் வைத்தது ஆமைப் பாதுகாப்புத் திட்டம். இரவில் ஆமை கரையேறி முட்டையிடுவதைப் பார்க்கப் பயணிகள் வந்தார்கள்.

★ நமீபியா விடுதலை பெற்றது 1990இல். அதன் அரசமைப்புச் சட்டத்திலேயே இயற்கைப் பாதுகாப்புக்கு இடம் உண்டு. அதைவிட முக்கியமானது 1996இல் வந்த சட்டத் திருத்தம்: பொது நிலத்தில் வாழும் மக்கள் ஒன்றுகூடி எல்லை வகுத்து, குழு அமைத்துப் பதிவு செய்தால், அந்த எல்லைக்குள் வனவிலங்குகளால் வரும் வருமானம் அவர்களுக்கே. இன்று அப்படிப்பட்ட சமூகக் காப்பகங்கள் 80க்கும் மேல். நாட்டின் நிலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அவற்றின் கையில்.

விதை போட்டவர் கார்த் ஓவன்-ஸ்மித். 1980களின் தொடக்கத்தில், காண்டாமிருகமும் பாலைவன யானையும் அழிந்துகொண்டிருந்த வடமேற்கில், ஊர்த்தலைவர்களிடம் போய் 'உங்கள் ஆட்களையே காவலுக்குத் தாருங்கள்' என்று கேட்டவர். தலைவர்கள் அனுப்பிய ஆட்களில் பழைய வேட்டைக்காரர்களும் இருந்தார்கள். சில காப்பகங்கள் இன்றும் பணக்கார வேட்டைப் பயணிகளிடமிருந்தும் சம்பாதிக்கின்றன. இதைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு. சுளிப்பதற்கு நியாயமும் உண்டு. ஆட்டுப்பட்டிக்குப் பக்கத்தில் சிங்கம் உலவும் ஊரில் வாழ்பவர்களின் கணக்கு வேறு.

★ லடாக்கில் பனிச்சிறுத்தை இரவில் பட்டிக்குள் குதித்தால் ஓர் ஆட்டோடு நிறுத்தாது; மிரண்டு ஓடும் ஆடுகளையெல்லாம் அடித்துப் போட்டுவிடும். ஒரே இரவில் ஒரு குடும்பத்தின் சொத்து போகும். சிறுத்தையைக் கல்லால் அடித்துக் கொன்றதில் அவர்களைக் குறைசொல்ல முடியுமா? 2002இல் ஹெமிஸ் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் ரும்பாக்கில், வீட்டிலேயே விருந்தினரைத் தங்கவைக்கும் முறை தொடங்கியது. எந்த வீட்டுக்கு எப்போது விருந்தினர் என்பது முறை வைத்து. பணக்கார வீடே எல்லாரையும் அள்ளிக்கொள்ள முடியாது. பட்டிகளுக்குக் கம்பிவலைக் கூரை போட்டுக் கொடுத்தார்கள். சிறுத்தை இருந்தால்தான் விருந்தினர், விருந்தினர் வந்தால்தான் வருமானம் என்றானது. கையில் காசு வருவது பெரும்பாலும் வீட்டுப் பெண்களுக்கு, சமைப்பதும் பரிமாறுவதும் அவர்கள்தான் என்பதால்.

★ அதே லடாக்கில் மலைநடை வழிகாட்டி வேலை கேட்டுப்போன தின்லஸ் சோரோல் என்ற பெண்ணுக்கு, பெண் என்பதால் வேலை மறுக்கப்பட்டது. 2009இல் பெண்களே நடத்தும், பெண்களே வழிகாட்டும் பயண நிறுவனம் ஒன்றைத் தொடங்கிவிட்டார்.

நேபாளத்தின் பொக்காராவில் விடுதி நடத்திய செத்ரி சகோதரிகள் மூவரின் கதை அதற்கும் முந்தியது. மலைக்குப் போய்த் திரும்பிய பெண் பயணிகள், ஆண் வழிகாட்டிகளின் தொல்லையைப் பற்றி அவர்களிடம் புலம்பினார்கள். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் 1990களின் நடுவில் பெண்களையே வழிகாட்டிகளாகவும் சுமைதூக்கிகளாகவும் பயிற்றத் தொடங்கினார்கள். ஏழைக் கிராமங்களிலிருந்து வந்த பெண்கள் பலர் முதன்முதலாகச் சம்பளம் வாங்கியது அங்கேதான்.

★ நேபாளம் என்றதும் எவரெஸ்ட் குப்பை ஞாபகம் வரும். 2014 முதல் ஏறுபவர் ஒவ்வொருவரும் 8 கிலோ குப்பை இறக்கி வர வேண்டும் என்று விதி போட்டு, அதற்கு முன்பணமும் வாங்கினார்கள். நான் மெச்சுவது அன்னபூர்ணாவை. 1986இல் தொடங்கிய அன்னபூர்ணாப் பாதுகாப்புத் திட்டம், 7,629 சதுர கிலோமீட்டரில் ஓர் ஊரைக்கூடக் காலி செய்யச் சொல்லவில்லை. மலைநடைப் பயணிகள் கட்டும் கட்டணம் அந்த வட்டாரத்துக்கே செலவானது. தேநீரும் வெந்நீரும் கேட்கும் பயணிகளுக்காகக் காடு விறகாகிக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெய்க் கிடங்கு வைத்து, சூரிய அடுப்பும் வெந்நீர்க் கலமும் கொண்டுவந்து அதை மட்டுப்படுத்தினார்கள்.

★ குமரகத்தில் நட்சத்திர விடுதிகள் பெருகியபோது உள்ளூர்க்காரர்களுக்கு மிஞ்சியது கோபம்தான். ஏரிக்கரை அடைபட்டது, காய்கறி வெளியூரிலிருந்து லாரியில் வந்தது. 2008இல் கேரள அரசு 'பொறுப்புள்ள சுற்றுலா' என்று ஒன்றை அங்கே தொடங்கியது. விடுதிகள் உள்ளூர்க் காய்கறியையே வாங்குவது, விலையை ஒரு குழு கூடி முடிவு செய்வது, விளைவிப்பது குடும்பஸ்ரீ மகளிர் குழுப் பெண்கள். தரிசாகக் கிடந்த வயல்களில் மறுபடி பயிர் ஏறியது. கறிவேப்பிலை முதல் இளநீர் வரை ஒரு நட்சத்திர விடுதிக்கு எவ்வளவு தேவை என்று யோசித்துப் பாருங்கள், இதில் எவ்வளவு பணம் புரளும் என்று புரியும். ஐ.நா. சுற்றுலா அமைப்பின் யுலிசஸ் விருது இதற்குக் கிடைத்தது.

★ டெல்லி பஹாட்கஞ்ச் சந்துகளை உங்களுக்குச் சுற்றிக் காட்ட, ஒரு காலத்தில் பக்கத்து ரயில் நிலையத்து நடைமேடையில் தூங்கியவரே வருவார். 'சலாம் பாம்பே' படத்தைத் தொடர்ந்து 1988இல் உருவான சலாம் பாலக் அறக்கட்டளை, 2006 முதல் இந்த நடையை நடத்துகிறது. தெருவில் வளர்ந்த பிள்ளைகள் ஆங்கிலம் கற்று, தங்கள் கதையைத் தங்கள் வாயால் சொல்கிறார்கள். சேரியை வேடிக்கை பார்க்கும் பேருந்துச் சுற்றுலாவுக்கும் இதற்கும் இருக்கும் தூரம் பெரியது.

★ தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறை 1997இல் அருங்காட்சியகம் ஆனது. மண்டேலா 18 ஆண்டுகள் இருந்த அந்தச் சிறையைச் சுற்றிக் காட்டும் வேலை, அங்கே கைதிகளாக இருந்தவர்களுக்கே தரப்பட்டது.

★ கொலம்பியாவில் 2016 சமாதான ஒப்பந்தத்துக்குப் பின் ஆயுதத்தைக் கீழே வைத்த ஃபார்க் கெரில்லாக்கள் சிலர், ககெட்டா பகுதியில் பாட்டோ ஆற்றில் ரப்பர் படகு விடும் வழிகாட்டிகள் ஆனார்கள். ஆள் கடத்தலுக்குப் பேர்போன அந்த ஆற்றங்கரைக்கு ஆட்கள் காசு கொடுத்துச் சாகசப் பயணம் போகிறார்கள்! முன்னாள் போராளிகள் 2019இல் ஆஸ்திரேலியாவில் நடந்த உலகப் படகுப் போட்டியிலும் கலந்துகொண்டார்கள்.

★ நல்லது செய்யப் போய்க் கெடுத்த கதை ஒன்று. கம்போடியாவில் 2005க்கும் 2010க்கும் இடையில் அநாதை இல்லங்கள் மளமளவென்று முளைத்தன. அங்கே போர் இல்லை, கொள்ளைநோய் இல்லை. சுற்றுலாப் பயணிகள் இருந்தார்கள். ஒரு வாரம் குழந்தைகளோடு இருந்து, பாட்டுச் சொல்லிக்கொடுத்து, நன்கொடை கொடுத்துப் போகும் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்காக இல்லங்கள் திறந்தன. இல்லங்களில் இருந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருந்தார்கள். 'குழந்தைகள் சுற்றுலாக் காட்சிப்பொருள் அல்லர்' என்று அங்கேயே ஓர் இயக்கம் எழுந்தது. 2018இல் ஆஸ்திரேலியா தன் நவீன அடிமைமுறைச் சட்டத்தை விவாதித்தபோது, அநாதை இல்லத்துக்காகக் குழந்தைகளைக் கடத்துவதும் பேசுபொருளானது.

★ சில நேரம் சுற்றுலா செய்யக்கூடிய மிகப் பெரிய நன்மை, வராமல் இருப்பது. 2000இல் வந்த ஹாலிவுட் படத்தால் புகழ்பெற்ற தாய்லாந்தின் மாயா விரிகுடாவுக்கு ஒரு நாளைக்கு 5,000 பேர் வரை வந்தார்கள். நங்கூரம் பட்டுப் பவளம் நொறுங்கியது. 2018 ஜூனில் மூடினார்கள். 2022 ஜனவரியில் திறந்தபோது கருமுனைச் சுறாக்கள் திரும்ப வந்திருந்தன. இப்போது படகு விரிகுடாவுக்குள் நுழைய முடியாது, பின்பக்கத்தில்தான் இறங்க வேண்டும். ஆண்டில் இரண்டு மாதம் முழு விடுமுறை. மனிதருக்குத்தான்.

அதே 2018இல் பிலிப்பைன்ஸின் போராகாய் தீவை அதிபர் டுடெர்டே சாக்கடைக்குழி என்று திட்டி, ஆறு மாதம் இழுத்து மூடினார். கழிவுநீரை நேரே கடலில் விட்ட விடுதிகள் அடைபட்டன. ஒரே நேரத்தில் 19,215 பயணிகளுக்கு மேல் தீவு தாங்காது என்று கணக்கும் போட்டார்கள்.

★ டென்மார்க் ஆட்சிக்கு உட்பட்ட ஃபரோ தீவுகள் 2019 ஏப்ரலில் ஒரு வார இறுதிக்கு 'பராமரிப்புப் பணிக்காக மூடியிருக்கிறது' என்று பலகை மாட்டின. 100 பேருக்கு மட்டும் அனுமதி. அவர்கள் பாதை செப்பனிட வேண்டும், வேலி போட வேண்டும். சாப்பாடும் படுக்கையும் இலவசம். விண்ணப்பங்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. கோபன்ஹேகனில் இன்னும் எளிது: வாய்க்காலில் குப்பை பொறுக்க ஒத்துக்கொண்டால், துடுப்புப் படகு இலவசம்.

★ 1974இல்தான் வெளிநாட்டுப் பயணிகளுக்குக் கதவு திறந்த பூட்டான், தலைக்கு ஓர் இரவுக்கு 100 டாலர் கட்டணம் வாங்குகிறது. 2022இல் 200 ஆக்கிப் பார்த்தார்கள். வருகை சரிந்ததும் 2023இல் பாதியாக்கினார்கள். இந்தியருக்கு 1,200 ரூபாய். முன்பு நமக்கு இலவசம். முணுமுணுப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்கலாம்: நாட்டின் 60 சதவீதம் எப்போதும் காடாக இருக்க வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கும் நாடு அது.

★ கோஸ்டா ரிகாவில் 1980களில் காடு நாட்டின் கால்வாசியாகத் தேய்ந்திருந்தது. இன்று பாதிக்கும் மேல். 1996 சட்டப்படி எரிபொருள் வரியிலிருந்து காட்டைக் காப்பவர்களுக்குக் கூலி கொடுத்தார்கள். காட்டைப் பார்க்க ஆட்கள் வந்தபடியால் வெட்டாமல் விடுவதிலும் லாபம் இருந்தது. முழுப் பெருமையையும் சுற்றுலாவுக்கே கொடுத்துவிடுவது அதிகம். மாட்டிறைச்சி விலை சரிந்ததற்கும் இதில் பங்குண்டு.

★ டாஸ்மாக்கில் காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் வாங்கிக்கொள்ளும் முறை எங்கே தொடங்கியது? நீலகிரியில், 2022 மே மாதம். காட்டோரம் குடித்துவிட்டு வீசிப்போகும் பாட்டில்கள் உடைந்து யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்று சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்ததன் விளைவு அது. பாட்டில்கள் பெருமளவில் கடைக்குத் திரும்பின. பிறகுதான் மற்ற மாவட்டங்களுக்குப் பரவியது. பிளாஸ்டிக் விஷயத்திலும் நீலகிரிதான் முன்னோடி. மாநிலம் முழுவதும் 2019இல் வந்த தடையை, அந்த மாவட்டம் 2000களின் தொடக்கத்திலேயே 'ஆபரேஷன் ப்ளூ மவுண்டன்' என்று நடத்திக் காட்டியது.

★ ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போக 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம். உயர் நீதிமன்றத்தின் உத்தரவு இது. 2025 கோடையில் வண்டிகளுக்கு எண்ணிக்கையும் வைத்தார்கள்: நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. இ-பாஸுக்குக் கட்டணம் கிடையாது, இணையத்தில் நீங்களே எடுத்துக்கொள்ளலாம். எடுத்துத் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். அரசுப் பேருந்தில் போனால் இ-பாஸே வேண்டாம்.